குழந்தை சிரித்தது, தைலம்மாள் பயந்தார்

அரிமளத்திலிருந்து புதுக்கோட்டைக்குப் போகும் காலை பஸ்ஸில் எனக்கு அந்தச் செய்தி வந்தது. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்த கண்டக்டர் என் முகத்தைச் சற்று உற்றுப் பார்த்துவிட்டு, நீங்கள் சினிமாவில் இருப்பவர்தானே என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

“ஒங்க படத்துல கதவுக்கிட்ட நின்னு பயந்துக்கிட்டே இருப்பாங்களே, திருவரங்குளத்து அம்மா, அவங்க நேத்து சாயங்காலம் தவறிட்டாங்களாம். ஒங்களுக்குத் தகவல் வந்துச்சோ இல்லையோன்னுதான் சொல்றேன்” என்றார்.

தகவல் வரவில்லை. சென்னையிலிருந்து நான் சொந்த ஊருக்கு வந்திருந்ததே பலருக்குத் தெரியாது. டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் கடைசி வரிசை வரை போய்விட்டுத் திரும்பி வந்து என் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் படத்தை முதல் நாள் பார்க்கப் போய்ப் பாதியில் எழுந்து ஓடிவிட்டாராம். மீதியைப் பார்க்காமல் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லையாம். மறுநாள் மறுபடியும் டிக்கெட் வாங்கினாராம். சாவுச் செய்தியைச் சொன்ன அதே வாயில் அவ்வளவு உற்சாகம். எனக்குக் கோபம் வரவில்லை. தைலம்மாளைப் பற்றி யார் பேசத் தொடங்கினாலும் பேச்சு இப்படித்தான் சூடுபிடிக்கும்.

புதுக்கோட்டையில் இறங்கி அடுத்த பஸ் பிடித்துத் திருவரங்குளம் போனேன். பந்தலிலும் இதே கதைதான். அழுகை ஓய்ந்த இடைவெளிகளில் ஜனங்கள் தாங்கள் அந்தப் படத்தை எங்கே, யாரோடு உட்கார்ந்து பார்த்தோம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு விவசாயி மாட்டுவண்டி கட்டிக்கொண்டு குடும்பத்தோடு போய்ப் பார்த்தவர். திரும்பும் வழியில் வண்டியிலிருந்து ஒருவர்கூட இறங்கச் சம்மதிக்காமல், சிந்திய வைக்கோலை அள்ளக்கூடத் தானேதான் இறங்க வேண்டியிருந்தது என்றார். கேட்டவர்கள் சிரித்தார்கள். பிறகு நினைவு வந்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். தைலம்மாள் எழுந்து கேட்டிருந்தால் அந்த வைக்கோல் விஷயத்தை இன்னும் ஒருமுறை சொல்லச் சொல்லியிருப்பார்.

ஆகவே, அவரோடு மேடையேறியவர்களும், அவருடைய சிரிப்பு வேஷங்களைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தவர்களும், நான் இதை ஒப்பாரியாக எழுதவில்லையே என்று குறைபட வேண்டாம். எனக்கு அவரைப் பற்றிச் சொல்ல ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. பன்னிரண்டு வருஷங்களாக அதை நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. நான் சென்னையில் பரமசிவம் என்ற டைரக்டரிடம் உதவியாளனாக இருந்தேன். அவரிடம் ‘உள்தாழ்ப்பாள்’ என்று ஒரு கதை இருந்தது. மூத்த பிள்ளையைக் கிணற்றில் பறிகொடுத்த ஒரு தாய், இரண்டாவது குழந்தையையும் எதுவோ வந்து கொண்டுபோகப் போகிறது என்று நம்புகிறாள். வீட்டுக்குள் காலடிச் சத்தம் கேட்கிறது. ஒவ்வொரு கதவாக அடைத்துக்கொண்டே போகிறாள். கடைசியில் குழந்தையைக் காப்பாற்றுவதாக நினைத்து, ஜன்னலே இல்லாத ஓர் அறையில் அதை வைத்துப் பூட்டுகிறாள். படத்தில் பேய் கிடையாது. குழந்தைக்கு வரவிருந்த ஆபத்து அவளுடைய பயம்தான். அதை அவளே உணர்ந்து கதவைத் திறக்கிற இடத்தில் கதை முடிகிறது. படத்துக்குப் பணம் போட்டவர் கதையைக் கேட்டுவிட்டு, எல்லாம் சரி, பேய் எப்போது வரும் என்றுதான் கேட்டார்.

தாய் வேஷத்துக்குச் சென்னையில் யாரும் அமையவில்லை. அழகாக அழுகிறவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். பயப்படத் தெரிந்தவர் இல்லை. அந்தச் சமயத்தில் திருமயம் பக்கத்தில் ஒரு திருவிழா நாடகத்தில் தைலம்மாளைப் பார்த்தோம். அவருக்கு அப்போது முப்பது தாண்டியிருக்கும். காது கேட்காத மாமியாராக வந்து ஊரையே சிரிப்பில் உருட்டிக்கொண்டிருந்தார். டைரக்டர் சிரிக்கவே இல்லை. நாடகம் முழுவதும் அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மறுநாள் காலை இந்த அம்மாளைக் கூப்பிடு என்றார்.

நாங்கள் தங்கியிருந்த விடுதி அறைக்கு வந்தார். உள்ளே வந்ததும் கதவுக்கு ஒரு நாற்காலியை முட்டுக்கொடுத்துத் திறந்தே வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். ஆண்கள் இருக்கும் அறை என்பதால் அப்படிச் செய்கிறார் என்று நினைத்தேன். டைரக்டர் அவரைப் பயந்து காட்டச் சொன்னார்.

“எதைப் பாத்து சார்?”

“எதுவும் இல்லை. அங்கே ஒன்றுமே இல்லை.”

“அப்ப சரி” என்று எழுந்தார். சுவரோடு இருந்த மர அலமாரியின் மூடிய கதவருகே போய் நின்றார். கத்தவில்லை, கண்ணை உருட்டவில்லை. காதை மட்டும் கதவுப் பக்கம் சாய்த்தார். பிறகு தன் வாயைத் தானே மெதுவாகப் பொத்திக்கொண்டார். அவ்வளவுதான். எங்கள் சட்டைகள் மாட்டியிருந்த அலமாரி அது. அதற்குள் யாரோ நிற்கிறார்கள் என்று நான் நம்பினேன். ஒரு நிமிஷம் கழித்து அவர் திரும்பி, “போதுமா சார், இன்னும் கொஞ்சம் பயப்படணுமா?” என்று கேட்டபோது டைரக்டரின் காப்பியில் ஆடை கட்டியிருந்தது.

எங்கே கற்றீர்கள் என்று கேட்டதற்கு அவர் என்னிடம் சொன்னது இன்னும் என் நோட்டில் இருக்கிறது. “பயம்னா கத்துறது இல்ல தம்பி. கத்தணும்னு வாரப்ப வாயைப் பொத்திக்கிறது.” அன்று அதை நடிப்புப் பாடமாகத்தான் எழுதிக்கொண்டேன்.

படப்பிடிப்புக்குப் பொன்னமராவதி பக்கத்தில் ஒரு பெரிய வீடு கிடைத்தது. சொந்தக்காரர்கள் மலாயாவில் இருந்தார்கள். கருப்பையா என்ற காவல்காரர் மட்டும் வீட்டைப் பார்த்துக்கொண்டு பின்கட்டில் குடியிருந்தார். அப்போதெல்லாம் சினிமா என்றால் ஸ்டூடியோவுக்குள் அட்டை வீடு கட்டித்தான் எடுப்பார்கள். நிஜமான வீட்டுக்கு ஜெனரேட்டரும் சவுண்ட் வேனும் வந்து இறங்கியதும் சுற்றுவட்டாரமே திரண்டுவிட்டது. வெள்ளித்தாள் ஒட்டிய பலகைகளைத் தூக்கிப் பிடித்து வெயிலை வீட்டுக்குள் திருப்புவதைப் பார்க்கவே கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வந்தார்கள். பேய்ப் படம் என்று யாரோ சொல்லிவிட்டதால், நிஜமாகவே ஒன்றைப் பிடித்து வந்திருக்கிறார்களா என்று கேட்டவர்களும் உண்டு. எனக்கு வயது இருபத்து நான்கு. உலகத்திலேயே பெரிய காரியம் ஒன்றை நாங்கள் செய்துகொண்டிருக்கிறோம் என்று காலில் செருப்பு போடவும் மறந்து ஓடிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் இடி விழுந்தது. சென்னையிலிருந்து வந்திருந்த குழந்தைக்கு அம்மை வார்த்துவிட்டது. அதை ஊருக்கு அனுப்பிவிட்டு டைரக்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது, கருப்பையாவின் மகள் மீனாள் அவர் எதிரில் வந்து நின்று, உள்ளங்கையைத் திறந்து தான் பிடித்த ஓணானைக் காட்டினாள். ஐந்து வயது. தாயில்லாத பிள்ளை. அந்த வீட்டின் அத்தனை கட்டும் அவளுக்கு ஓடி விளையாடும் இடம். அன்றே அவளை வைத்து எடுத்தோம். நடக்கச் சொன்னால் நடந்தாள், தூங்கச் சொன்னால் நிஜமாகவே தூங்கிப்போனாள். ஒன்றே ஒன்றுதான் வரவில்லை. அவளுக்குப் பயப்படத் தெரியவில்லை.

கதையின் உச்சத்தில், பூட்டிய அறைக்குள்ளிருந்து குழந்தை அலற வேண்டும். டைரக்டர் எப்படிச் சொல்லிக் கொடுத்தாலும் மீனாள் கோழி விரட்டுவதுபோல் ஒரு சத்தம் போட்டுவிட்டுச் சிரித்தாள். மறுநாள் வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அன்று காலை டைரக்டர் என்னையும் இன்னும் இருவரையும் தனியே கூப்பிட்டார். சாமான் அறைக்குள் மைக்கை வைத்துவிடுவது, கறுப்புக் கம்பளி போர்த்திய ஓர் ஆளை முன்கூட்டியே மூலையில் உட்கார வைப்பது, குழந்தையை உள்ளே விட்டு வெளியே கொண்டி போடுவது, ஐந்து நிமிஷம். அலறல் சவுண்ட் வேனில் பதிவாகிவிடும். பிறகு மிட்டாய் கொடுத்துச் சமாதானம் செய்துகொள்ளலாம். கருப்பையாவை ஏதோ கயிறு வாங்கிவர டவுனுக்கு அனுப்பியாயிற்று.

குழந்தையைக் கூட்டிப்போகும் வேலை எனக்கு. நான் சரி சார் என்றேன். நண்பர்களே, இதை எழுதும்போது பேனா தயங்குகிறது. ஆனால் நான் அப்படித்தான் சொன்னேன். தயங்கக்கூட இல்லை.

உச்சிவேளை. முற்றத்தைக் கடந்து மீனாளின் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். இன்னொரு கையில் அவள் ஒரு புளியங்காயைக் கடித்துக்கொண்டு வந்தாள். தைலம்மாள் தூணருகே ஒப்பனையோடு உட்கார்ந்திருந்தார். அவரிடம் எதுவும் சொல்லக் கூடாது என்பது உத்தரவு.

“எங்க தம்பி கூட்டிட்டுப் போறே?”

ஷாட் அக்கா என்றேன்.

“ஷாட்டுக்கு எதுக்கு ஒன் கை நடுங்குது?”

அதுவரை என் கை நடுங்குவது எனக்கே தெரியாது. ஒன்றிரண்டு வார்த்தை உளறினேன். மீதியை அவர் என் முகத்தில் படித்துக்கொண்டார். கத்தவில்லை. எழுந்து வந்து மீனாளின் புளியங்காய்க் கையைப் பிடித்தார். நான் பிடித்திருந்த கையை விட்டேன். இருவரும் சாமான் அறைக்குள் போனார்கள். உள்ளே ஏதோ சன்னமான பேச்சு. அடுத்த நொடி கம்பளி போர்த்திய ஆள் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தான். அவன் பின்னால் கதவு சாத்தப்பட்டது. உள்ளேயிருந்து மரத்தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

டைரக்டர் ஓடி வந்தார். கதவைத் தட்டினார், திட்டினார், நேரம் போகிறது என்றார், இனி சினிமாவில் உங்களுக்கு இடமே கிடையாது என்றார். உள்ளேயிருந்து தைலம்மாளின் குரல் நிதானமாக வந்தது. “புள்ள கேக்குது சார். மெதுவாப் பேசுங்க.” பிறகு மீனாள் சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சிரித்தாள், இந்தத் தடவை மூச்சு முட்டுகிற மாதிரி. கும்மிருட்டான அறை அது. பகலிலேயே விளக்கில்லாமல் உள்ளே கால் வைக்க முடியாது. நாங்கள் பத்துப் பேர் நடுப்பகல் வெயிலில் முழித்துக்கொண்டு நின்றோம். உள்ளே குழந்தை குதூகலித்துக்கொண்டிருந்தது.

கால் மணி போயிற்று. அரை மணி போயிற்று. அப்போது சவுண்ட் இன்ஜினியர் ஐயாத்துரை வேனிலிருந்து இறங்கி வந்தார். எதற்கும் அலட்டிக்கொள்ளாத மனுஷர். அவர் முகம் வெளுத்திருந்தது. அலறல் பதிவாகும் வரை ஒலிநாடாவை நிறுத்தக் கூடாது என்று சொல்லியிருந்ததால் அவர் நிறுத்தவே இல்லை. ஒன்று முடிந்ததும் இன்னொன்றை மாட்டியிருக்கிறார். உள்ளே வைத்த மைக் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது.

“சார், வந்து கேளுங்க. புள்ள சிரிக்குது. அந்தம்மா உள்ள செத்துக்கிட்டு இருக்காங்க” என்றார்.

டைரக்டர் வேனில் ஏறிக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். பிறகு என்னிடம் கொடுத்தார். குழந்தையின் சிரிப்புக்கு நடுவே, அதற்கு மிக அருகில், ஒரு பெண் மூச்சு விடுகிற சத்தம். இழுத்து, அடக்கி, பல்லைக் கடித்து வெளியே விடுகிற மூச்சு. தண்ணீருக்குள் முங்கி எழுகிறவர்கள் மூச்சு வாங்குவது மாதிரி. குழந்தை பக்கம் திரும்பும்போது மட்டும் குரல் எப்படியோ சரியாகி ஏதோ விகடம் பேசுகிறது. உடனே சிரிப்பு. உடனே மறுபடியும் அந்த மூச்சு. வெறும் அறையில் இருக்கிற ஒரு மனுஷி எதைக் கண்டு இவ்வளவு பயப்படுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

டைரக்டர் வேனிலிருந்து இறங்கி நடந்து போய் அந்தக் கதவின் முன் நின்றார். இந்த முறை தட்டவில்லை. குழந்தையை யாரும் பயமுறுத்த மாட்டோம், என் பிள்ளைகள் மேல் ஆணை, வெளியே வாருங்கள் என்றார். அதே சமயம் கருப்பையா கயிற்றுச் சுருளோடு வந்து சேர்ந்தார். நடந்ததை டைரக்டரே அவரிடம் சொன்னார். கருப்பையா கயிற்றைக் கீழே வைத்துவிட்டு, “ஆத்தா மீனா, அப்பா வந்திருக்கேன்” என்று கதவருகே குனிந்து கூப்பிட்டார்.

“இருங்கப்பா, இன்னும் முடியல” என்றாள் மீனாள்.

கதவு திறந்தது. குழந்தை துள்ளிக்கொண்டு வந்தாள். பின்னால் வந்த தைலம்மாளின் சேலை தண்ணீரில் முக்கி எடுத்ததுபோல் வேர்வையில் ஒட்டியிருந்தது. நிலையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. நேராகப் போய் முற்றத்தில், நடு வெயிலில், வானத்தைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். நான் செம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துவிட்டு அவர் சொன்னதுதான் நான் இதுவரை வெளியே சொல்லாத விஷயம். அவர் இருக்கும்வரை சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஏழு வயதில் அவர் ஒரு நாடகக் குழுவில் இருந்தார். ராஜாவின் குழந்தையாக வந்து அழ வேண்டிய வேஷம். அழுகை வரவில்லை. குழுவை நடத்தியவர், மேடைக்கு அனுப்பும் முன் அவரை உடுப்புப் பெட்டிக்குள் வைத்து மூடி மேலே ஆளை உட்கார வைத்தார். திறந்து தூக்கி மேடையில் விட்டபோது அழுத அழுகையில் ஜனங்கள் உருகிப்போய்க் கைதட்டினார்கள். அதன் பிறகு அந்த நாடகம் நடந்த ஒவ்வொரு முறையும் பெட்டி திறந்தது.

“அன்னையிலேருந்து மூடுன எடத்துல என்னால இருக்க முடியாது தம்பி. பஸ்ஸுல கூட ஜன்னலை அடைச்சா எறங்கிருவேன். இந்தப் புள்ளையும் என்னாட்டம் ஆகிறக் கூடாதுன்னுதான் உள்ள போனேன். போன பெறகுதான் நானும்ல உள்ள இருக்கேன்னு தெரிஞ்சுச்சு.”

விடுதி அறையின் நாற்காலி எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் அவரிடம் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் என் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, புளியங்காய் வேணும், எனக்கும் ஒன்று பறித்துக்கொண்டு வா என்றார்.

இதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு ரத்தம் வேகமாக ஓடுகிறது. டைரக்டர் அவர் எதிரில் வந்து உட்கார்ந்தார். வேனில் இருக்கும் நாடாவைப் பற்றிச் சொன்னார். அலறல் தேவையில்லை, இதை வைத்தே காட்சியை எடுத்துவிடலாம், ஆனால் அது உங்கள் மூச்சு, நீங்கள் வேண்டாம் என்றால் இப்போதே அழித்துவிடுகிறேன் என்றார். கர்வம் பிடித்த மனுஷர் ஒருவர் அப்படிக் கேட்டதை நான் அதுவரை பார்த்ததில்லை. தைலம்மாள் வேன் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“என் பயம் என்னுது. நான் குடுக்குறேன், எடுத்துக்கங்க. புள்ளையோட பயத்த யாரும் எடுக்கக் கூடாது.”

மாலை வெயில் இறங்குவதற்குள் எடுத்து முடித்தோம். ஐயாத்துரை ஒலிபெருக்கியை மூடிய அறைக்குள் வைத்து நாடாவை ஓடவிட்டார். கதவுக்கு வெளியே தாயாக நின்ற தைலம்மாளுக்கு உள்ளேயிருந்து கேட்டது, தான் பூட்டிவைத்த குழந்தையின் சிரிப்பு. அதோடு, உள்ளே இருக்கவே முடியாத இன்னொருவரின் மூச்சு. அது தன்னுடைய மூச்சுதான் என்று தெரிந்தும் அவர் காதைக் கதவுப் பக்கம் சாய்த்தார். வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கையை எடுத்துக் கொண்டியைத் திறந்தார். ஒரே டேக். டைரக்டர் கட் சொல்லவே மறந்துவிட்டார். கேமராமேன்தான் கேமராவை நிறுத்தினார். கருப்பையாவின் மடியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த மீனாள், அத்தை நல்லாப் பயந்தாங்க என்று தீர்ப்புச் சொன்னாள்.

படம் புதுக்கோட்டையில் வெளியான அன்று பகல்காட்சிக்கு நாங்கள் எல்லோரும் போனோம். தைலம்மாள் வாசல் திரைக்குப் பக்கத்து இருக்கையில் இருந்தார். அடுத்து மீனாள், கருப்பையா, நான். அந்தக் காட்சி வந்தது. பீடிப் புகையும் முறுக்குச் சத்தமும் அடங்கி, தியேட்டரே கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது. சிரிப்புக் கேட்டது. பெண்கள் பகுதியில் யாரோ “ஐயோ” என்று முனகினார்கள். மூச்சுக் கேட்டது. முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து நின்றே விட்டார். “தொறந்திரு ஆத்தா, தொறந்திரு” என்று திரையைப் பார்த்துக் கெஞ்சினார். அந்த நேரத்தில் தன் குரலை அடையாளம் கண்டுகொண்ட மீனாள், எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, திரையில் கேட்ட அதே சிரிப்பை நிஜமாகச் சிரித்தாள்.

அவ்வளவுதான். சிரிப்பு திரையிலிருந்து இறங்கித் தியேட்டருக்குள் வந்துவிட்டது என்று எங்களுக்கு முன்னால் இருந்த மூன்று வரிசையும் எழுந்து வாசலை நோக்கி ஓடியது. ஆப்பரேட்டர் பயந்து படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டார். நடுவில் மீனாள் கடலை மிட்டாயோடு உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் ஓடியவர்கள் முகத்தில் வந்த வெட்கத்தை என்னால் வர்ணிக்க முடியாது. முழுத் தியேட்டரும் சிரித்தது. தைலம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். மறுபடி விளக்கை அணைத்து அந்த ரீலை முதலிலிருந்து ஓட்டச் சொன்னார்கள். மறுபடியும் அதே இடத்தில் பயந்தார்கள். எனக்கு வாழ்க்கையில் அதற்குச் சமமான இன்னொரு பகல் வாய்க்கவில்லை.

சில மாதங்களில் படம் அரிமளத்துக்கு டூரிங் டாக்கீஸில் வந்தது. தைலம்மாளை நான் ஊருக்கு அழைத்திருந்தேன். மறுநாள் காலை ஒரு பெண் அவரைத் தேடி எங்கள் வீட்டுக்கு வந்தார். மூத்த மகனைக் கண்மாயில் பறிகொடுத்தவர். இளையவனைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பாமல் இரண்டு வருஷமாக வீட்டோடு வைத்திருந்தார். படத்தைப் பார்த்துவிட்டு, அந்தத் தாய் கடைசியில் கதவைத் திறந்தாளே, அந்த நேரத்தில் மனசுக்குள் என்ன நினைத்துக்கொண்டு திறந்தீர்கள் என்று கேட்டார். நான் ஏதோ நல்ல பதில் வரப்போகிறது என்று காத்திருந்தேன். தைலம்மாளோ, எனக்கும் பயமாகத்தான் இருந்தது என்றார். பிறகு பையன் எங்கே என்று கேட்டார்.

மூவருமாகப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனார்கள். பையனை உள்ளே விட்டுவிட்டு, அந்த இரண்டு பெண்களும் எதிரே வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தார்கள். மத்தியானம் நான் சாப்பாடு கொண்டுபோனேன். மணி அடிக்கிறவரை எழுந்திருக்கவில்லை. மறுநாளும் போய் உட்கார்ந்தார்கள். மூன்றாம் நாள் அந்தப் பெண் தனியாகப் போய்ப் பையனை விட்டுவிட்டு, மணி அடிக்கிறவரை காத்திருக்காமல் பாதியிலேயே வீடு திரும்பிவிட்டதாக வந்து சொன்னார். தைலம்மாள் அன்று மாலை பஸ்ஸுக்குத் திருவரங்குளம் கிளம்பினார். ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு அவரைப் பேயாக நடிக்கக் கூப்பிட்டவர்கள் எத்தனையோ பேர். எல்லோரிடமும், பயந்தது போதும், சிரிக்கிற வேஷம் இருந்தால் சொல்லுங்கள் என்றுவிட்டார். அப்படி ஏழெட்டுப் படங்களில் பக்கத்து வீட்டுக்காரியாக வந்து போனார். மேடைதான் அவருக்குச் சொந்த வீடு. கடைசி மூன்று மாதங்கள் இருதய நோய் படுத்தியது. நான் பார்க்கப் போனபோது மருந்துச் சீட்டு எழுதும் டாக்டரைப் போல் பேசிக் காட்டி என்னைச் சிரிக்க வைத்து அனுப்பினார்.

பந்தலில் மீனாளைப் பார்த்தேன். வாத்தியார் பயிற்சிக்குப் படிக்கிறாள். கருப்பையாவும் வந்திருந்தார். அவளைத் தனியே அழைத்து, பன்னிரண்டு வருஷமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்ததைச் சொல்லிவிட்டேன். அன்று உன்னை அந்த அறைக்குக் கூட்டிப்போனது நான், அங்கே என்ன காத்திருந்தது என்று தெரிந்தேதான் கூட்டிப்போனேன் என்றேன். அவள் புரியாமல் பார்த்தாள். அவளுக்கு அறை ஞாபகம் இருந்தது. இருட்டு கூட ஞாபகம் இருந்தது.

“அத்தை உள்ள வந்து, இங்க ஒரு ஆனை தூங்குது, எழுப்பிறாமப் பேசுன்னாங்க. பெறகு அவங்களே ஆனை மாதிரி மூச்சு விட்டுக் காட்டினாங்க. அதைத்தான் சொல்றீங்களா அண்ணே?”

அந்த மூச்சைத்தான் நாங்கள் பதிவு செய்தோம். ஒரு மாகாணமே அதைக் கேட்டு நடுங்கியது. தன்னால் அடக்க முடியாமல் வந்த அந்த மூச்சுக்குக் குழந்தையிடம் யானை என்று பெயர் வைத்திருக்கிறார். மீனாளுக்கு இன்றும் அது யானைதான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். கதவுகளை அடைத்துக்கொண்டு தூங்குகிறாள், இருட்டில் மாடிப்படி ஏறுகிறாள், நாளை முப்பது பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தப் போகிறாள்.

இப்போது நானும் படம் எடுக்கிறேன். குழந்தைகள் நடிக்கிற நாட்களில் என் கோபமும் அவசரமும் யூனிட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒரு குழந்தையைக்கூட நான் ஏமாற்றி அழ வைத்ததில்லை. அதை என் நல்ல குணம் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். என்னிடம் அந்தக் குணம் இருக்கவில்லை. உச்சிவேளையில் ஒரு பெண் எழுந்து வந்து அதை என் கையில் வைத்தார். தைலம்மாளிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அது ஒன்றுதான்.